நீலம் ஏறிய இரும்பு

பெப்ரவரி 10, திங்கள்

காலை 6.40க்குச் செய்தி வந்தது. பிரதாப்தான்.

"சுதாண்ணே, கியர் பொக்ஸ் திரும்பப் போயிருச்சு."

எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா என்ற இழுப்பெல்லாம் இல்லை. என் மனைவி கிருஷாந்தி இறந்துபோன நவம்பரிலிருந்து எனக்குப் போன் எடுக்கிற எல்லோரும் முதலில் அதைத்தான் இழுக்கிறார்கள். இவன் நேராகக் காருக்கு வந்தான். அதற்கே அவனுக்கு ஒரு கும்பிடு.

நேற்று ஞாயிறு. ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் நடக்கும் மலையேற்றக் கார் ஓட்டத்துக்குப் பழகப் போயிருக்கிறான். திரும்பி வரும் வழியில், தார் ரோட்டில், அடியிலிருந்து அரைக்கிற சத்தம். அப்புறம் எக்சிலேட்டரை மிதித்தால் இரைச்சல் மட்டும்.

நான் கட்டிக்கொடுத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

பெப்ரவரி 11, செவ்வாய்

பிரதாப்பின் அப்பாவுக்கு மரக்கறி லொறிகள் ஓடுகின்றன. அதில் ஒன்றில் காரை ஏற்றி அனுப்பினார்கள். ஹட்டனில் எங்கள் கராஜ் வாசலில் இறக்குவதற்குள் ரோட்டை அடைத்து, பஸ்காரர்களிடம் சிங்களத்திலும் தமிழிலும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

வெள்ளை நிறம். நாலு வீலும் இழுக்கிற டர்போ கார். கம்பனி கொடுத்த பலம் போதாதென்று பெரிய டர்போ போட்டு ஒன்றரை மடங்கு ஆக்கியிருக்கிறான். முன் வீல்களுக்கும் பின் வீல்களுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்க கியர் பொக்ஸுக்குப் பின்னால் ஒரு நடு டிஃபரென்ஷியல், எங்கள் பேச்சில் நடு டிஃப், இருக்கும். வளைவில் முன் வீலும் பின் வீலும் ஒரே அளவு சுற்றாது. அந்த வித்தியாசத்தை விழுங்குவது அதன் வேலை. ஓட்டத்துக்கென்று அதையும் இறுக்கமானதாக மாற்றி வைத்திருக்கிறான்.

திறந்தேன். பெயரிங் பொடி. ஓயில் கரிந்து நாறுகிறது. ஆனால் கியர் பற்களில் ஒரு அடி இல்லை, ஒரு சில்லு உடையவில்லை. பலம் தாங்காமல் போயிருந்தால் பல் முதலில் தெறித்திருக்க வேண்டும். நடு டிஃப்பைத் தாங்கும் தண்டு மட்டும் நீலம் ஏறியிருக்கிறது. அடுப்பில் வைத்து எடுத்த இரும்பு மாதிரி.

முதல் தடவையும் இப்படித்தான் இருந்தது. பெயரிங் பழசு என்று நினைத்தேன். இந்தப் பெயரிங் புதிது.

டயரையும் பார்த்தேன். இந்த வகைக் காரில் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று படிக்கும்போதே தலையில் குட்டிச் சொல்லித் தந்தார்கள். நாலும் ஒரே கம்பனி, ஒரே அளவு, ஒரே தேய்மானம். அதுவல்ல.

பெப்ரவரி 12, புதன்

மக்பூல் நானாவின் கராஜ் இது. அவர் என்னிடம் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டீயைக் கையில் தந்துவிட்டு, "சுதா, ஒண்டு சொல்லுறன், கோவிச்சிக்காத. மனசு சரியில்லாத நேரம் கை ஒரு பக்கம், நெனப்பு ஒரு பக்கம் ஈக்கும். ஆருக்கும் நடக்கும்" என்றார்.

"நானா, நான் அளவு எல்லாம் ரெண்டு தரம் பாத்துத்தான் போட்டேன்."

"பாத்திருப்பாய் மகன். நான் இல்லண்டு சொல்லல்ல."

அந்த 'மகன்' தான் தாங்கவில்லை. நல்ல நாளில் என்னை 'அடேய்' என்றுதான் கூப்பிடுவார்.

என் கை தவறியதா? கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடுங்கவில்லை. எதுவுமே இல்லை அதில். சூடான டீ பட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது. இப்படி மரத்துப்போன கை ஒரு தண்டை நூல் பிசகாமல் வைக்குமா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

பெப்ரவரி 16, ஞாயிறு

மஸ்கெலியாவிலிருந்து மாமி போன் எடுத்தார். கிருஷாந்தியின் அம்மா, நாகலெட்சுமி. போன வருஷம்தான் தோட்டத்தில் பேர் வெட்டி, ஓய்வாகி வீட்டில் இருக்கிறார். குரல் இன்னும் மலையில் கொழுந்து எடுக்கிற குரல்தான், போனே தேவையில்லை.

"என்னா தம்பி, ரெண்டு ஞாயிறா ஆளக் காணோம்?"

"வேல மாமி. ஒரு காரு."

"காரு செத்தா பொழைக்க வச்சுருவீங்க. நீங்க என்னா நெலமையில இருக்கீங்கன்னு ஒரு எட்டு வந்து காட்டுனா கொறஞ்சா போயிருவீங்க?"

சிரிப்பு வந்தது. வந்த உடனே நின்றுவிட்டது.

அவர் மட்டும் 'பாவம்' என்று சொல்வதில்லை. அவருக்கும் அதே பாவம்தானே.

பெப்ரவரி 20, வியாழன்

கட்டி முடித்தேன். புதுப் பெயரிங். நடு டிஃப் வேறு, அதே இறுக்கமான வகை, கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் தேடி எடுப்பித்தது. ஒவ்வொரு அளவையும் எடுத்து, கழற்றி, மறுபடி எடுத்து, பிறகுதான் மூடினேன். டிக்கோயா வரை ஓட்டினேன், நோர்வூட் வரை போனேன். ஒரு முனகல் இல்லை. திரும்பி வந்து அடியில் கை வைத்தேன். இளஞ்சூடு. அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

பிரதாப் வந்து எடுத்தான். கராஜ் முற்றத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தவன் கண்ணாடியை இறக்கினான்.

"என்னாண்ணே, இங்க இவ்வளவு லேசாப் போகுது? எங்க யார்டுல ரிவர்ஸ் எடுத்தா யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரி இருக்குமே."

"டயர் ஏதும் மாத்துனியா?"

"இல்லண்ணே, எப்பவும் அதே சைஸ்தான்."

பழைய நடு டிஃப் இறுகிப்போயிருந்ததால் இழுத்திருக்கும் என்றேன். அவனும் தலையாட்டினான்.

மார்ச் 2, ஞாயிறு

நோன்பு தொடங்கிவிட்டது. மக்பூல் நானா பகலில் கத்தமாட்டார், பின்னேரம் கஞ்சி குடித்த பிறகு மொத்தமாகக் கத்துவார்.

வீட்டில் அவளுடைய குடை கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே வைப்பது?

மார்ச் 9, ஞாயிறு

மறுபடி.

இந்த முறை வேறு மாதிரி. நானுஓயா இறக்கத்தில் வளைவு எடுக்கும்போது நடு டிஃப் அப்படியே பூட்டிக்கொண்டது. கார் திரும்பவில்லை. சுழன்று, பின்பக்கம் தேயிலைச் செடிக்குள் போய் நின்றிருக்கிறது. செடி வரிசைக்குக் கீழே மதிலும் இல்லை, மரமும் இல்லை. பள்ளம்.

ரோட்டோரத்தில் நின்றுதான் பிரதாப் போன் எடுத்தான். "ஒண்ணும் இல்லண்ணே. ஒண்ணும் இல்ல. நீங்க பயப்படாதீங்க." அவன் எனக்குத் தைரியம் சொல்கிறான்!

எனக்குப் பயம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. சரி, லொறில ஏத்தி அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இருபத்தி நாலு வயசு அவனுக்கு. நான் பூட்டின பொக்ஸ்ல. நான் பூட்டின பொக்ஸ்லயா அவன் போகப் பாத்தான்?

மார்ச் 10, திங்கள்

மக்பூல் நானா கராஜுக்குப் பின்னால் கூப்பிட்டார். நோன்பு வாய் காய்ந்திருந்தது.

"பொக்ஸ் வேல இனி கொழும்புக்கு அனுப்புவம். நீ ப்ரேக்கு, ஓயில் மாத்துறது, அத பாரு. மனசு தேறினதுக்குப் பொறகு பாப்பம்."

"நானா, ஒரே ஒரு தரம்."

"புள்ள செத்திருந்தா நான் அல்லாஹ்வுக்கு என்னா பதில் சொல்லுற? அவன்ட வாப்பாவுக்கு என்னா பதில் சொல்லுற?"

"என் கைதான் பிழைன்னா நான் இனி பொக்ஸ தொடவே மாட்டேன். ஆனா பிழை எதுன்னு தெரியணும். கொழும்புல புதுசு போடுவாங்க, அதுவும் உடையும். அப்ப செடி இல்லாத எடத்துல கார் சுத்துனா?"

தாடியைத் தடவினார்.

"நோன்புப் பெருநாள் வரைக்கும். காரணத்த கண்டுபிடி. கண்டுபிடிக்காம அந்தக் கார்ல ஒரு போல்ட்டும் பூட்டப்படாது."

சரி என்றேன். அவர் போகும்போது, "அடேய், சாப்பிட்டியா?" என்றார். 'அடேய்' என்றுதான் கேட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

தண்டு மறுபடி நீலம். பல்லில் அடியே இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மூன்று தண்டையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டையும் வீசாமல் வைத்தது நல்லது. மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே நீலம்.

கை பிசகினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிப் பிசகும். ஒரே மாதிரி மூன்று தடவை பிசகுகிற கை கிடையாது. இது சூடு. ஒரே அடியில் வந்த சேதமில்லை. ஓடுகிற நேரமெல்லாம், நேர் ரோட்டில்கூட, நடு டிஃப் எதையோ விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அது ஓய்வே எடுக்கவில்லை.

எதை விழுங்கியது?

இங்கே ஓட்டினால் இளஞ்சூடு. அங்கே ஓட்டினால் நீலம். இங்கே ரிவர்ஸ் லேசு. அங்கே யாரோ பின்னால் பிடித்து இழுக்கிறார்கள். பழைய டிஃப் என்று சொல்லி அன்றைக்கு அதைத் தள்ளிவிட்டேன். அங்கே இருந்து இங்கே இல்லாதது என்ன?

பொக்ஸுக்குள் தேடியது போதும். ஞாயிறு நுவரெலியாவுக்குப் போகிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

பஸ்ஸில் தலவாக்கலை, நானுஓயா வழியாகப் போனேன். கார் சுழன்ற வளைவில் தலையைத் திருப்பவில்லை.

பிரதாப் வீட்டு யார்டு முழுக்க லீக்ஸ் வாசம். அவன் சந்தைக்குப் போயிருந்தான். கந்தப்பன் அண்ணன் இருந்தார். அவர்களுடைய பழைய லொறி டிரைவர், வண்டிச் சாமான் எல்லாம் அவர் பொறுப்பு. எனக்கு டீ ஊற்றச் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்குச் சாக்குகளை ஸ்டோருக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் சாக்கு போட்டு மூடி நாலு டயர், ரிம்மோடு. தூக்கிப் பார்த்தேன்.

"இது யார்ட்டண்ணே?"

"நம்ம சின்ன மொதலாளி காரோடதுதான்."

"அப்ப கார்ல பூட்டி வந்தது?"

"அது கராஜ் டயரு தம்பி."

"கராஜ் டயர்னா?"

"கராஜுக்குப் போறப்ப போட்டு விடுற டயரு." நான் விளங்காமல் நிற்பதைப் பார்த்து அவருக்கே கூச்சம் வந்துவிட்டது. "ஒங்கள சொல்லல தம்பி. பொதுவாச் சொல்றேன். கராஜுல வண்டி விடுறப்ப நல்ல சாமான் ஒண்ணும் வைக்கப்படாதுங்குறது பெரிய மொதலாளி சட்டம். முந்தி ஒரு கராஜுல நல்ல பெட்டரி குடுத்து கெட்ட பெட்டரி வாங்குன ஆளு அவரு. அதுனால பெட்டரி, டயரு, பாட்டு செட்டு எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டுத்தான் அனுப்புவோம். காரு செத்து வந்தாலும் மொத வேல அதுதான்."

மூன்று தடவை. மூன்று தடவையும் ஓடின டயரை நான் பார்க்கவே இல்லை.

நாலையும் வெளிச்சத்துக்கு உருட்டினேன். இரண்டு புத்தம் புதிது, பிடிமானம் கூடிய ஓட்ட டயர். மற்ற இரண்டு வேறு கம்பனி, பாதிக்கு மேல் தேய்ந்தது. பக்கத்தில் எழுதியிருக்கிற அளவு நாலிலும் ஒன்று. பிரதாப் பொய் சொல்லவில்லை.

"புதுசு எங்க போடுவீங்க?"

"முன்னுக்கு. எறக்கத்துல முன் ப்ரேக்குதானே புடிக்குது. நாலையும் ஒரே நேரத்துல புதுசு போட்டு யாரும் காச கரியாக்குவாங்களா? லொறிக்கு நாங்க எப்பவும் ரெண்டு ரெண்டாத்தான் போடுவோம்."

லொறிக்குச் சரிதான். லொறியில் பின் வீல் மட்டும்தான் இழுக்கிறது.

சுண்ணாம்புக் கட்டி கேட்டேன். சிமெண்டுத் தரையில் கோடு போட்டு, புது டயரில் ஒரு அடையாளம் வைத்து, அடையாளம் திரும்பத் தரையைத் தொடும் வரை உருட்டிக் கோடு போட்டேன். அதே இடத்திலிருந்து பழையதை உருட்டினேன். கந்தப்பன் அண்ணன் குனிந்து நின்று பார்த்தார். கோடு இரண்டும் சேரவில்லை. நடுவில் நாலு சென்டிமீட்டர்.

இன்னொரு தடவை உருட்டினேன். நாலு.

"இத்துணூண்டா?" என்றார்.

இத்துணூண்டுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் பின் வீல் இருபது சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும். பள்ளமும் கல்லுமான தோட்டத்து ரோட்டில் வீல் வழுக்கி அது கழிந்துவிடும். தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. வளைவுக்கு மட்டும் வேலை செய்ய வேண்டிய நடு டிஃப், வீட்டிலிருந்து வெளிக்கிட்டு வீடு வரும்வரை இதை விழுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இறுக்கமான டிஃப் வேறு. வேகாமல் என்ன செய்யும்?

தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கந்தப்பன் அண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "தம்பி, ஒடம்புக்கு என்னா செய்யுது?"

ஒன்றும் செய்யவில்லை. கை நடுங்கியது. நவம்பரிலிருந்து முதல் தடவையாக. நல்லா நடுங்கியது.

மார்ச் 17, திங்கள்

மக்பூல் நானா கேட்டுவிட்டு, நோன்பையும் மறந்து கத்தினார்.

"எங்கள கள்ளன் எண்டு நெனச்சிட்டானா அவன்ட வாப்பா? என்ட கராஜுல டயர் மாத்துவன் எண்டா?" பிரதாப்புக்குப் போன் போட்டு அதையே ஐந்து விதமாகக் கேட்டார். அந்தப் பக்கத்திலிருந்து "சோரி நானா, சோரி நானா" என்பது எனக்கே கேட்டது. வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்வை மாறியது.

"அடேய் சுதா. நானும் ஒன்ட கைய அல்லவா பிழை சொன்ன."

"நானும்தான் சொன்னேன் நானா."

"நீ சொன்னா பரவாயில்ல. ஒன்ட கை. நான் சொல்லியிருக்கப்படாது." துணியை உதறித் தோளில் போட்டார். "போய் வேலையப் பாரு. பொக்ஸ் ஒன்ட பொறுப்பு."

மார்ச் 18, செவ்வாய்

தூக்கம் இல்லை.

சந்தோஷமா இருக்கணும். இல்ல. ஏன்னா மண்டைக்குள்ள ஒண்ணு ஓடுது — இதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. தேடினேன், ஒரு மூலையில சாக்குக்கு அடியில கெடந்துச்சு. அப்ப அவளுக்கும் எங்கயாச்சும் கெடக்கும்ல? எந்தச் சாக்க தூக்காம விட்டேன்?

டாக்டர் தெளிவா சொன்னாரு. மூளையில ஒரு ரத்த நரம்பு, பொறந்ததுல இருந்தே மெலிசு. வலி காட்டாது, வீங்காது, நெறம் மாறாது. அன்னைக்கு வெடிக்கும்னு யாருக்கும் தெரியாது. நாலு மாசமா அதுக்குள்ளயும் பிழை தேடிக்கிட்டே இருக்கேன். அவ போட்ட செருப்பு, தூக்குன வாளி, ஏறுன படி, எல்லாம்.

இரும்புக்குக் காரணம் இருந்தது. அவளுக்கு இல்ல.

இல்லடா. இல்லவே இல்ல.

மார்ச் 23, ஞாயிறு

மாமி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும், "மெலிஞ்சு போயிட்டீங்க" என்று சொல்லவில்லை. "கைய கழுவுங்க, அழுக்கு" என்றார். ரொட்டியும் கட்டச் சம்பலும். நாலு ரொட்டி சாப்பிட்டேன். டயர் கதையைச் சொன்னேன். திருட்டுக்குப் பயந்து நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பொண்ணு பார்க்கப் போன கதை மாதிரி இருக்கு என்று சிரித்தார். பிறகு சத்தமில்லாமல் அழுதார். நானும்.

ஏப்ரல் 5, சனி

பொக்ஸ் ரெடி. பெருநாளுக்கு முதல் நாளே முடித்துவிட்டேன். இன்றைக்குத்தான் பிரதாப் எடுக்க வந்தான். கூடவே கந்தப்பன் அண்ணன், லொறியில் 'நல்ல' டயர் நாலும்.

"இது பூட்டக் கூடாது" என்றேன்.

"அண்ணே, புதுசு இன்னும் ரெண்டு கொழும்புலயும் இல்ல. கப்பல்ல வரணுமாம். ஓட்டத்துக்கு மட்டும் இத போட்டுக்கிறேன். நாலு நிமிஷம்தானே."

"கராஜ் டயர்ல ஓடு. நாலும் ஒண்ணு."

"அதுல க்ரிப்பே இல்லண்ணே. மொட்ட. கடைசியாத்தான் வருவேன். எல்லாரும் சிரிப்பானுக."

"சிரிக்கட்டும்."

"நீங்க ஈசியாச் சொல்றீங்க."

"க்ரிப் இல்லாட்டி மெதுவா போலாம். நடுவுல பூட்டிக்கிச்சுன்னா எங்க போவ? அன்னைக்குச் செடி புடிச்சுச்சு. எல்லா வளைவுலயும் செடி இருக்காது."

சாவியை என் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் முகம் சிவந்தது. வண்டி அவனுடையது, சாவி அவனுடையது, கேட்டால் நான் கொடுத்துத்தான் ஆக வேண்டும். மக்பூல் நானா கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீ கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல பிரதாப்" என்றேன். "நான் இன்னொரு சாவுச் செய்திய போன்ல கேக்க மாட்டேன்."

சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

கந்தப்பன் அண்ணன்தான் அசைந்தார். லொறிக்குப் போய் அந்த நாலு டயரையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். "சின்ன மொதலாளி, வாங்க. மொட்ட டயர்ல ஓட்டுறவன்தான் டிரைவரு. க்ரிப்புல எவனும் ஓட்டுவான்."

பிரதாப் தரையைப் பார்த்துச் சிரித்தான். கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. ஊரெல்லாம் வெடி. துக்க வீடு, எங்களுக்குக் கொண்டாட்டம் இல்லை. மாமியின் கூரைத் தகரத்தில் ஒழுக்கு, அதை அடைத்தேன்.

ஏப்ரல் 19, சனி

பிரதாப் யார்டிலிருந்து வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். மொட்டை டயரோடு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ். பந்து உருள்வது போல் போகிறது. பின்னாலிருந்து கந்தப்பன் அண்ணன் குரல்: "புடிச்சு இழுத்த பேயி எறங்கிருச்சு."

பழகும்போதும் தார் ரோட்டில்தான் வீட்டுக்கு வந்தானாம். அடியில் கை வைத்துப் பார்த்தானாம். இளஞ்சூடு.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றைக்கு ஓட்டம். மக்பூல் நானா வேனில் போகிறார், வாசலில் ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டார். வரவில்லை என்றேன். "பயமா?" என்று கேட்டார். இல்லை நானா, தூக்கம் வருது என்றேன். ஒரு நிமிஷம் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அப்ப படுத்துக்க" என்று போய்விட்டார்.

உண்மையாகவே தூக்கம் வருகிறது. பட்டப்பகலில், கண்ணைச் சுழற்றிக்கொண்டு.

பிரதாப்பின் முறை பத்து மணிக்குப் பிறகு. முடிந்ததும் முதல் போன் கோல் எனக்குத்தான் என்று நேற்றே சொல்லிவிட்டான். கடைசியாகத்தான் வருவான். பொக்ஸ் நல்லா இருக்கு அண்ணே என்பான். அது எனக்குத் தெரியும்.

போனை ஓஃப் பண்ணிவிட்டேன். படுக்கப் போகிறேன்.